சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தும் மூளையில் தோன்றும் வெண்திட்டுகளும்

1971ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிறுநீரக மாற்று அறுவை ஒன்று வெற்றி பெற்றது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி. அதே ஆண்டில் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த கருவி நோயாளி ஒருவரின் மூளையைக் குறுக்குவெட்டுப் படமாக முதன்முதலில் காட்டியது. தொடர்பில்லாத இவ்விரு நிகழ்ச்சிகளும் பின்னாளில் ஓரிடத்தில் சந்தித்தன. எங்கே என்று காண்போம்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன. தாய் தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தருகிறார். பெற்ற தாயின் உறுப்பேயானாலும் உடல் அதை அயலாகவே கருதும். இரத்தத்திலுள்ள 'டி' வெள்ளணுக்கள் பெருகி அதைத் தாக்கும். இதைத் தடுக்கும் மருந்துகளுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்த சைக்ளோஸ்போரின். மற்றொன்று, 1984இல் ஜப்பானின் சுகுபா மலையடிவார மண்ணில் வாழும் நுண்ணுயிரில் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸ். 'கால்சிநியூரின்' என்னும் நொதியை இவை முடக்குகின்றன. பெருகுமாறு கூறும் செய்தி டி அணுக்களுக்குச் சேர்வதில்லை. சிறுநீரகம் பிழைக்கிறது.

ஆனால் சிலருக்கு இம்மருந்துகளால் கை நடுங்கும். மிகச் சிலருக்குத் திடீரெனக் கடும் தலைவலி, பார்வை மங்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை தோன்றும். அப்போது காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தால், மூளையின் பின்பகுதியில் இருபுறமும் வெண்திட்டுகள் தெரியும். பார்வையை அறியும் மையம் அங்கே இருப்பதால்தான் கண் மங்குகிறது.

அந்த வெண்மை என்ன? பெரும்பாலும் நீர்தான்! கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த தோல் சாலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தையல் இறுக்கமாக இருக்கும்வரை நீர் ஒழுகாது. தையல் தளர்ந்தால், அல்லது பாரம் மிகுந்தால், ஒழுகத் தொடங்கும். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரும் அப்படி இறுகத் தைத்தது போன்றதே. மருந்து அச்சுவரைத் தளர்த்தக்கூடும். இரத்த அழுத்தமும் உயர்ந்தால் நீர் கசிந்து மூளைத் திசுவில் தேங்கும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

1996இல் ஹிஞ்சி என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் இத்தகைய 15 நோயாளிகளை விவரித்தனர். அவர்களில் 7 பேர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொண்டவர்கள். இந்நிலையைச் சுருக்கமாகப் 'பிரெஸ்' என்பர். உரிய காலத்தில் கவனித்தால் பெரும்பாலோருக்கு நாள்களிலோ வாரங்களிலோ திட்டுகள் மறைந்துவிடும். தாமதித்தால் இரத்தக் கசிவோ நிலையான சேதமோ நேரலாம்.

அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தினால் தாய் தந்த சிறுநீரகம் அழியும். அதே அளவில் தொடர்ந்தால் வலிப்பு மீண்டும் வரலாம். எனவே மருத்துவர் இரத்த அழுத்தத்தைக் குறைத்து, வலிப்பை அடக்கி, இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். மருந்தளவு சரியாக இருக்கும்போதும் சிலருக்கு இது வருவதுண்டு. ஆகவே சோதனை எண்ணை மட்டும் நம்பாமல் படத்தையும் பார்க்கின்றனர்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். குடலிலும் கல்லீரலிலும் உள்ள நொதிகளே இம்மருந்தைச் சிதைக்கின்றன. எரித்ரோமைசின், ஃபுளுகோனசோல் போன்றவை அந்நொதிகளைத் தடுப்பதால் மருந்து இரத்தத்தில் ஏறிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ அதைக் குறைத்துவிடும். எனவே மாற்றுறுப்பு பெற்றவர் காய்ச்சலுக்கோ படைக்கோ கடையில் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. அளவுச் சோதனைக்குச் செல்லும் நாளில், இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையை உட்கொள்ளவேண்டும்.

உங்கள் தெருவிலோ உறவிலோ அத்தகைய ஒருவர் இருக்கலாம். "கண் மங்குகிறது, தலை வலிக்கிறது" என்று அவர் சொன்னால், கண்ணாடிக் கடைக்கு அனுப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.