ஊசிக்கு முன் துணி

தம் உடையைத் தாமே தைத்துக்கொள்ள முடிவு செய்கிறவர்களில் பலர் முதலில் வாங்குவது தையல் இயந்திரம். முதலில் தைக்க முற்படுவது ரவிக்கை. இந்த இரண்டு தேர்வுகளுமே கற்றலை வேண்டாத அளவுக்குக் கடினமாக்கி, ஆர்வத்தோடு தொடங்கியவர்களைச் சில வாரங்களில் சோர்வடையச் செய்கின்றன. இயந்திரத்தை நேர்கோட்டில் ஓட்டும் பழக்கம் சில நாள்களில் கைவந்துவிடும். ஆனால் துணி எந்தத் திசையில் விறைத்து நிற்கும், எந்தத் திசையில் இழுபடும், வெட்டிய விளிம்பு எங்கே நெகிழும் என்பதை அறியாமல் கத்தரிக்கோலை எடுத்தால், தையல் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் அந்த உடை உடலில் ஏறும்போது முறுக்கிக்கொள்ளும். உடையின் பொருத்தம் பெரும்பகுதி வெட்டும்போதே முடிவாகிவிடுவதால், தொடக்கநிலைக் கல்வி துணியிலிருந்து தொடங்குவதே முறை.

தறியில் நெய்த எந்தத் துணியிலும் இரு வகை இழைகள் உள்ளன. நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படுபவை பாவு இழைகள். அவற்றின் ஊடே குறுக்காகச் செலுத்தப்படுபவை ஊடை இழைகள். ஊடை இழை ஒவ்வொரு முறையும் திரும்பும் இரு ஓரங்களிலும் உருவாகும் பிரியாத விளிம்பு கரை எனப்படும். நெய்யும்போதே விறைப்பாக இழுபட்டு நிற்பதால் பாவின் திசையில் துணி பெரும்பாலும் நீளாது. ஊடையின் திசையில் சற்றே இளகிக் கொடுக்கும். கரைக்கு 45 பாகைச் சாய்வில் பிடித்து இழுத்தால், இழுவையை எந்த இழையும் நேராகத் தாங்காமல் இழைகளின் சிறு கட்டங்கள் சாய்ந்துகொடுப்பதால், வியக்கத்தக்க அளவுக்கு நீளும். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இந்தச் சாய்வைத்தான். வேறு எதையும் தொடங்குவதற்கு முன், ஒரு கைக்குட்டை அளவுத் துணியை இந்த மூன்று திசைகளிலும் இழுத்துப் பார்ப்பது, பல பாடங்களை ஒரே நேரத்தில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி.

ஏனெனில் தையலின் வழக்கங்கள் பலவற்றுக்கு இதிலேயே விளக்கம் கிடைத்துவிடுகிறது. சட்டைக்கும் சுடிதாருக்கும் நீளத்தைப் பாவின் திசையில் வைப்பது, உடை தன் எடையால் தொய்ந்துவிடாமல் இருப்பதற்காக. கழுத்து விளிம்பில் வைக்கும் பைப்பிங் பட்டியைச் சாய்வாக வெட்டுவது, அது வளைவோடு வளைந்து சுருக்கமின்றி அமர்வதற்காக. கிராஸ் கட் ரவிக்கையின் முன்பக்கத்தைச் சாய்வில் வெட்டுவது, துணி மார்பின் வளைவுக்கு இசைந்துகொடுப்பதற்காக. அதே சாய்வு, தெரியாமல் வெட்டப்படும்போது, ஒரு பக்கம் இறங்கிய பாவாடை விளிம்பாகவும், திருகிக்கொண்ட கால்சட்டையாகவும் வெளிப்படுகிறது. கடையில் வெட்டித் தரும் துணியின் முனை பெரும்பாலும் கோணலாகவே இருக்கும் என்பதால், ஓர் ஊடை இழையை மெல்ல உருவி எடுத்து, அது விட்டுச் சென்ற கோட்டில் வெட்டி முனையை நேராக்கிக்கொள்ள வேண்டும்.

பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து உலர்த்துவது பலரும் தவிர்க்க விரும்பும் வேலை; தவிர்க்கக் கூடாத வேலையும் அதுவே. நெசவிலும் பின்னர் ஆலையிலும் இழுபட்ட இழைகள், தண்ணீரைக் கண்டவுடன் இறுக்கம் தளர்ந்து சுருங்குகின்றன. மேல்துணியையும் லைனிங் துணியையும் வெவ்வேறு அளவில் சுருங்க விட்டால், முதல் சலவைக்குப் பிறகு உள்துணி இழுத்துப் பிடித்து, மேல்துணி கொசகொசவென்று நிற்கும். அந்தக் குறையை எந்தத் திருத்தத்தாலும் நீக்க முடியாது. இரவில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் சிறிது மிஞ்சியிருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட்டால், சாயம் போகுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். கையூசியில் துளை பின்முனையில் இருக்கிறது. இயந்திர ஊசியில் கூர்முனைக்கு அருகிலேயே இருக்கிறது. துளையை இப்படி இடம் மாற்றி, மேல்நூலையும் கீழ்நூலையும் துணியின் நடுவே பின்னிப் பூட்டும் அமைப்புக்கு 1846-இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்றார். 1851-இல் ஐசக் சிங்கர் பெற்ற காப்புரிமையைத் தொடர்ந்து அந்த அமைப்பு வீடுகளுக்குள் நுழைந்தது. இயந்திரமோகத்தைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகளே, 1924-இல் நடந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் குறிப்பிட்டார். இரு நூல்களும் துணியின் நடுவே சந்தித்தால்தான் தையல் உறுதி பெறும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையங்கள் தொங்கினால், பழுது கீழ்நூல் சுற்றியிருக்கும் பாபினில் என்று தோன்றினாலும், பெரும்பாலும் காரணம் மேல்நூல் தளர்ந்திருப்பதோ தவறாகக் கோக்கப்பட்டிருப்பதோதான். எனவே நூலின் இறுக்கத்தை மாற்றும் திருகாணியைத் தொடுவதற்கு முன் மேல்நூலை முழுவதும் எடுத்து மீண்டும் கோத்துப் பார்ப்பது நல்லது. பாப்ளின் போன்ற நடுத்தரப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசியும், மெல்லிய துணிக்கு 11-உம், தடித்த துணிக்கு 16-உம் பொருந்தும். காலால் மிதிக்கும் இயந்திரத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் நூல் அறுந்துவிடும் என்பதால், நூல் கோக்காமலே கோடு போட்ட நோட்டுத்தாளில் கோட்டின் மேல் துளையிட்டுப் பழகும் பழைய முறை இன்றும் பயனுள்ளது.

முதல் உடையாக எதைத் தைப்பது என்ற கேள்விக்கு, சேலைக்குள் அணியும் ஆறு துண்டு உள்பாவாடையே சிறந்த விடை. அதில் நேர்த்தையல் உண்டு, சாய்வு விளிம்பு உண்டு, மடித்தடித்தல் உண்டு. உடலின் அளவு அங்குலத்துக்கு அங்குலம் பொருந்த வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. 36 அங்குல அகலமுள்ள பாப்ளினில் 2 மீட்டர் எடுத்து, அதை நீளவாக்கில் சம அளவுள்ள இரண்டு துண்டுகளாக்கினால், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 39 அங்குலம் இருக்கும். ஒவ்வொன்றிலும் நடுவே மேலே 6 அங்குலமும் கீழே 18 அங்குலமும் உள்ள ஒரு துண்டை வரைந்தால், இருபுறமும் மிஞ்சும் இரண்டு துண்டுகள் ஒரு முனையில் 15 அங்குலமும் மறுமுனையில் 9 அங்குலமுமாக அமையும். அவற்றைத் தலைகீழாகத் திருப்பினால் 9 அங்குல முனை இடுப்புக்கு வந்துவிடும். துணியில் சிறிதும் வீணாகாத இந்த ஏற்பாட்டில், ஒவ்வொரு இணைப்பிலும் இருபுறமும் அரை அங்குலம் தையலுக்கு விட்டது போக, இடுப்பில் 42 அங்குலமும் அடிவிளிம்பில் 90 அங்குலமும் கிடைக்கின்றன. ஒரே திசையில் பார்க்க வேண்டிய பூவேலை கொண்ட துணிக்கு மட்டும் இந்த வெட்டு உதவாது. நான்கு பக்கத்துண்டுகளிலும் பூக்கள் தலைகீழாகிவிடும்.

இணைக்கும்போது நடுத்துண்டின் சாய்வு விளிம்பைப் பக்கத்துண்டின் கரையுள்ள நேர் விளிம்போடு சேர்க்க வேண்டும். நீளாத கரை, நீளத் துடிக்கும் சாய்வைத் தாங்கிப் பிடிக்கும். தைக்கையில் சாய்வுப் பக்கத்தை அடியில் வைத்தால், கீழிருந்து துணியை நகர்த்தும் பற்கள் அதன் இளக்கத்தை உள்வாங்கிச் சமன் செய்துவிடும். ஓர் இணைப்பின் மேல்முனையில் 4 அங்குலம் தைக்காமல் விட்டு, இடுப்பை மடித்து நாடா செல்ல வழி அமைத்தால், அணியும்போது திறப்புக்குத் தேவையான இடம் அங்கேயே கிடைக்கிறது. அடிவிளிம்பை மட்டும் உடனே மடித்தடிக்காமல், ஓரிரவு தொங்கவிட்டு, சாய்வுப் பகுதிகள் இறங்குமளவு இறங்கிய பிறகு சமப்படுத்தித் தைப்பது நல்லது. பாவாடைக்குப் பின் நைட்டியும், அதற்குப் பின் தளர்வான குர்த்தாவும் என்ற வரிசையில் செல்பவர், கழுத்து வளைவையும் கைக்குழியையும் அச்சமின்றி எதிர்கொள்ளப் பழகியிருப்பார்.

ரவிக்கை கடினமாவதற்குக் காரணம் அதன் சிறிய உருவமல்ல. தட்டையான துணியை, இரு திசைகளிலும் வளைந்த உடலின் மேல், இடைவெளியின்றி அமரச் செய்ய வேண்டியிருப்பதே. மார்பின் மேட்டைச் சுற்றி மிஞ்சும் துணியை ஆப்பு வடிவில் மடித்து உள்ளே தைத்து மறைக்கும் மடிப்புக்கு டார்ட் என்று பெயர். ஒவ்வொரு டார்ட்டின் கூர்முனையும் மேட்டை நோக்கியிருக்க வேண்டும், ஆனால் மேட்டின் உச்சிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னதாகவே முடிந்துவிட வேண்டும். இல்லையேல் அங்கே கூம்புபோல் துருத்தும். முனையில் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டாமல், நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிட்டால் துணி சுளிக்காது.

தையல் வகுப்புகளில் மார்பளவைப் பன்னிரண்டால் வகுத்துக் கழுத்தகலத்தைக் கணக்கிடுவது போன்ற சூத்திரங்கள் கற்பிக்கப்படுகின்றன. அவை தொடக்கத்துக்குப் போதுமானவை. முடிவாக ஏற்கத்தக்கவை அல்ல. மார்பளவு 36 அங்குலமாக உள்ள இரு பெண்களில் ஒருவருக்குத் தோள் ஒடுங்கியும் மற்றவருக்கு அகன்றும் இருக்கக்கூடும். சூத்திரம் இருவரையும் ஒருவராகவே கருதுகிறது. ஆகவே கணக்கைச் செய்தித்தாளில் வரைந்து வெட்டி, அதை வைத்துக் காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ ஒரு மாதிரி ரவிக்கை தைத்து, அணிந்து, குண்டூசியால் கூடுதலைப் பிடித்தும் குறைவைப் பிரித்துவிட்டும் பார்க்க வேண்டும். கையை உயர்த்தும்போது ரவிக்கை முழுவதும் மேலேறினால், தொடக்கநிலையினர் கைக்குழியை மேலும் ஆழமாக வெட்டிவிடுகின்றனர். அது பிழையை மிகுவிக்கும். ஆழ்ந்த கைக்குழிதான் கையோடு உடற்பகுதியையும் தூக்குகிறது. அக்குளுக்கு நெருக்கமாக ஏறிய கைக்குழி, கை தனியே அசைய இடம் தருகிறது. ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன், அதைக் குறுக்கே மற்றொரு தையல் கடக்கும் முன், இஸ்திரி போட்டு அமர்த்திவிடுவதும் இந்த நிலையில் கைக்கொள்ள வேண்டிய பழக்கம். வீட்டில் தைத்த உடைக்கும் கடையில் தைத்த உடைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டில் பெரும்பங்கு இஸ்திரிப் பெட்டியைச் சார்ந்தது.

மாதிரி ரவிக்கையில் செய்த திருத்தங்களைக் காகித அச்சுக்கு மாற்றி, பெயரையும் தேதியையும் அளவுகளையும் அதன் மேலேயே எழுதி, சுருட்டாமல் தட்டையாக வைத்துக்கொண்டால், அடுத்த ரவிக்கைக்குச் சூத்திரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பக்கத் தையலில் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் துணி விட்டுத் தைத்தால், உடல் பருத்தாலும் மெலிந்தாலும் பழைய தையலைப் பிரித்து, காகித அச்சில் புதிய கோட்டை வேறு நிறத்தில் வரைந்து, அதே ரவிக்கையை மீண்டும் பொருந்தச் செய்துகொள்ளலாம்.