விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

பால்பல்லில் சொத்தை விழுந்தால், "விழுந்து முளைக்கப்போகிற பல்தானே" என்று பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும் என்பது சரி. ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். மூன்று வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லை வைத்துக்கொண்டு பிள்ளை இன்னும் ஏழெட்டு ஆண்டுகள் மென்று சாப்பிட வேண்டும். முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாயும்; அடியிலிருந்து வரும் நிரந்தரப் பல் இடமில்லாமல் கோணலாக முளைக்கலாம்.

எப்படிச் சொத்தையாகிறது?

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்ட பிறகும் சுமார் அரை மணி நேரம் இது நடக்கும். அதன்பின் உமிழ்நீர் மெல்லச் சரிசெய்யும். ஆகவே இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், பஞ்சுமிட்டாயை உடனே தின்று தண்ணீர் குடிக்கிற பிள்ளையைவிட, குளிர்பான பாட்டிலை மாலை முழுக்கச் சப்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கே சேதம் அதிகம். சுண்டல் வாங்கிக் கொடுத்தால் இந்தக் கவலையே இல்லை.

இரவுதான் முக்கியம்

தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். சர்க்கரை போட்ட பாலை பாட்டிலில் குடித்தபடியே தூங்கும் குழந்தைக்கு மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் கெடும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில், விடியுமுன்னே கடலுக்கும் ஏலத்துக்கும் கிளம்புகிற பெற்றோரால் காலையில் பிள்ளைக்குப் பல் தேய்த்துவிட முடியாமல் போகலாம். இரவில் படுக்கும் முன் தேய்ப்பதையாவது அவர்கள் விடக்கூடாது. தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான்.

தேய்க்கும் முறை

முதல் பல் எட்டிப்பார்த்ததுமே, ஆறு மாதத்திலோ எட்டு மாதத்திலோ, தொடங்கிவிடலாம். மூன்று வயது வரை அரிசி மணியளவு பேஸ்ட் போதும்; அதற்குமேல் பட்டாணி அளவு. டியூபில் ஃபுளோரைடு 1000 பிபிஎம் என்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிறுவர் பேஸ்ட் சிலவற்றில் அது இருப்பதில்லை. கரித்தூளும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும், வேண்டாம். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டால் உள்பக்கமும் தெரியும். ஏழெட்டு வயது வரை பெரியவர்தான் தேய்த்துவிட வேண்டும். நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டியதில்லை.

வாரம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். இந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பூச்சாலும் ஒழுங்கான பராமரிப்பாலும் நிறுத்திவிடலாம். ஆறு வயதுவாக்கில் பால் கடைவாய்ப் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் பலர் அதையும் பால்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

எங்கே காட்டுவது?

ஒரு வயதுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். பல்லும் அதில் அடக்கம். மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதித் தந்தால் அதைக் கிடப்பில் போடாதீர்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கேளம்பாக்கம், காட்டாங்கொளத்தூர், மேல்மருவத்தூர் என்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே குழந்தைகள் பல் பிரிவைக் கேளுங்கள். முகம் வீங்கியிருந்தாலோ பல்வலியோடு காய்ச்சல் இருந்தாலோ மறுநாள் வரை பொறுக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.