விதைநெல்லைத் தின்ற குஸ்தி மேடை

தொழில்முறை மல்யுத்தம் நிஜமா, நாடகமா என்ற கேள்விக்கு 1989-லேயே பதில் வந்துவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, 'இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு' என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே ஒப்புக்கொண்டது. யார் ஜெயிக்க வேண்டும், யார் தோற்க வேண்டும் என்பதை 'புக்கர்' எனப்படும் கதைப் பொறுப்பாளர் முன்பே முடிவு செய்துவிடுவார். விழும்போது ஏற்படும் வலி மட்டும்தான் அசல். அப்படியென்றால் அங்கே போட்டியே இல்லையா? இருக்கிறது, மேடைக்குப் பின்னால். முடிவை எழுதுகிற கையைத் தன் பக்கம் வளைக்க யாரால் முடியும் என்பதே அந்தப் போட்டி. கிரிக்கெட் வீரரை அணியிலிருந்து நீக்கினால், அவர் எடுத்த ஓட்டங்கள் அவருக்காகப் பேசும். மல்யுத்த வீரரின் வெற்றிக் கணக்கோ இன்னொருவர் எழுதிக் கொடுத்தது. அதைச் சொல்லி வாதாட முடியாது. அரங்கம் நிறைந்ததா, எத்தனை பேர் டிவியில் பார்த்தார்கள் என்பவைதான் அவருக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள் தங்கள் வசதிக்கு வளைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு, டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1995 செப்டம்பர் 4 அன்று, ஊடக அதிபர் டெட் டர்னருக்குச் சொந்தமான டபிள்யூ.சி.டபிள்யூ., டி.என்.டி. அலைவரிசையில் 'மண்டே நைட்ரோ' நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதே திங்கட்கிழமை இரவில் வின்ஸ் மெக்மஹனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். 1993 முதல் 'மண்டே நைட் ரா'வை ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. ரசிகர்களின் கையில் ரிமோட். நீல்சன் நிறுவனத்தின் கையில் கணக்கு. மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவி பொருத்தி, நூற்றுக்கு எத்தனை வீடுகளில் நிகழ்ச்சி ஓடியது என்று நீல்சன் கணித்துச் சொல்லும். மொத்த நிகழ்ச்சிக்கு ஒரு எண் என்பதோடு அது நிற்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு எண்ணும் வரும். யார் மேடையில் இருந்தபோது கூட்டம் கூடியது, யார் வந்ததும் கலைந்தது என்று தாளைப் பார்த்தே சொல்லலாம் என ஆயிற்று. மேடைக்குப் பின்னால் நடந்த சண்டைக்கு அது புதிய ஆயுதம்.

முதலில் அந்த ஆயுதம் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கு நன்றாகவே உதவியது. நைட்ரோவை நடத்திய எரிக் பிஷோஃப், எதிராளியிடமிருந்து ஸ்காட் ஹால், கெவின் நாஷ் இருவரையும் அழைத்து வந்தார். 1996 ஜூலையில், பல ஆண்டுகளாக நல்லவனாகவே வந்த ஹல்க் ஹோகன் வில்லனாக மாறி அவர்களோடு சேர்ந்தார். அந்தக் கோடையில் பிடித்த முதலிடத்தை நைட்ரோ தொடர்ந்து 83 வாரங்கள் விடவில்லை. ஆகவே, 'அதிகாரம் கேட்ட நட்சத்திரங்கள் அதைச் சம்பாதித்துத்தான் வைத்திருந்தார்கள்' என்று ஒருவர் வாதிட்டால், அதில் நியாயம் உண்டு. தன் பாத்திரம் எப்படிப் போக வேண்டும் என்பதில் தலையிடும் உரிமை ஹோகனின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. அவர் இழுத்து வந்த கூட்டத்துக்கு அது கொடுக்கத்தக்க விலைதான். ஆனால் இன்று கூட்டம் சேர்ப்பவருக்குக் கொடுத்த அந்த உரிமை, நாளை கூட்டம் சேர்க்கப்போகிறவரை உள்ளே விடாமல் தடுக்கும் தாழ்ப்பாளாகவும் மாறலாம். ஸ்டீவ் ஆஸ்டினை 1995-லேயே நீக்கிய நிறுவனம் இது. கிறிஸ் ஜெரிக்கோ 1999-ல் வெளியேறினார். எடி கெரேரோ உள்ளிட்ட நால்வர் 2000 ஜனவரியில் ஒன்றாகக் கிளம்பினார்கள். எல்லோரும் போய்ச் சேர்ந்த இடம் எதிராளியின் மேடை.

இத்தனைக்கும் நடுவில் டபிள்யூ.சி.டபிள்யூ. தானே வளர்த்த பெரிய நட்சத்திரம் ஒருவர் இருந்தார்: பில் கோல்ட்பர்க். தோல்வியே காணாதவர் என்ற ஒற்றைக் கதையில் எழுந்தவர். 1998 ஏப்ரலில் 'ரா' மறுபடி முதலிடத்தைப் பிடித்ததும் நைட்ரோவுக்குப் பதற்றம் பிடித்தது. ஜூலை 6 அன்று, அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமில் சுமார் 40,000 பேர் முன்னிலையில், கோல்ட்பர்க் ஹோகனை வீழ்த்திச் சாம்பியன் ஆனார். ரசிகர்கள் தனியே கட்டணம் கட்டிப் பார்க்கும் பே-பெர்-வியூ நிகழ்ச்சிக்கு மாதக்கணக்கில் ஆவலைக் கிளப்பி விற்றிருக்க வேண்டிய மோதல் அது. சில நாள் முன்னறிவிப்போடு இலவசமாகவே காட்டிவிட்டார்கள். அந்த வாரம் நைட்ரோ ரேட்டிங்கில் ஜெயித்தது. ஆனால் பசி தாங்காமல் விதைநெல்லை அவித்துத் தின்ற குடும்பத்தின் ஜெயம் அது. டிசம்பரில் கோல்ட்பர்க்கின் தொடர் வெற்றியை நாஷ் முடித்துவைத்தார். கதை எழுதுவதில் அப்போது அவருக்கும் பங்கு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. 1999 ஜனவரி 4 அன்று, அதே ஜார்ஜியா டோமில், ஹோகன் விரலால் மார்பில் தொட்டதும் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தை ஒப்படைத்தார். அதே இரவில், முன்பே பதிவான 'ரா'வில் மிக் ஃபோலி சாம்பியன் ஆகப்போகிறார் என்று நைட்ரோவின் வர்ணனையாளர் கேலியாகப் போட்டுடைத்தார். அதைப் பார்க்கவே லட்சக்கணக்கானோர் அலைவரிசையை மாற்றிக்கொண்டு போனார்கள்.

எண்ணின் குறை இங்கேதான் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ரேட்டிங் சொல்லும்; எதற்காகப் பார்த்தார்கள், அடுத்த வாரம் வருவார்களா என்று சொல்லாது. கால் மணி நேரக் கணக்கில் ஹோகனின் எண் உயர்ந்தால், அவரையே மேலே வைக்கலாம் என்பதற்கு அது ஆதாரம். புதியவரின் எண் தாழ்ந்தால், அவர் தேறமாட்டார் என்பதற்கு ஆதாரம். கடைசிக் கால் மணியை ஒருவருக்கே கொடுத்துவிட்டு, கடைசிக் கால் மணியில் அவருக்குத்தான் கூட்டம் என்று சொல்வது எந்த வகை அளவை?

'திரைமறைவு அரசியல் எதிர் முகாமில் மட்டும் இல்லையா?' என்று கேட்கலாம். தாராளமாக இருந்தது. 1996 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கதைப்படி எதிரிகளாக இருந்த நண்பர்கள் மேடையில் கட்டித் தழுவி விடைபெற்றார்கள். அதற்குத் தண்டனையாக, அவர்களில் ஒருவரான டிரிபிள் ஹெச்சுக்கு வரவிருந்த 'கிங் ஆஃப் தி ரிங்' வெற்றி கைமாறி ஆஸ்டினுக்குப் போனது; அவரது எழுச்சி அங்கே தொடங்கியது. 1997 நவம்பர் 9 அன்று மான்ட்ரியலில், நைட்ரோவுக்குப் போகவிருந்த சாம்பியன் பிரெட் ஹார்ட், சொந்த நாடான கனடாவில் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மறுத்தார். விடைபெறும் நாட்களில் தன் பாத்திரத்தைப் பற்றிய உரிமை அவரது ஒப்பந்தத்திலும் இருந்தது. மெக்மஹன் நடுவரோடு பேசிவைத்து, ஹார்ட்டுக்குத் தெரியாமலே மணியடிக்கவைத்துப் பட்டத்தைப் பறித்தார். இதைவிட அசிங்கமான அரசியல் வேறெது? ஆனால் அதனால் ரசிகர்களுக்கு எழுந்த கோபத்தையே எடுத்து, மெக்மஹன் தன்னைக் கொடுமைக்கார முதலாளி ஆக்கிக்கொண்டார். எதிரே ஆஸ்டினை நிறுத்தினார். 83 வார ஓட்டம் முடிந்த இரவில் 'ரா' விளம்பரப்படுத்திய மோதல் ஆஸ்டினுக்கும் மெக்மஹனுக்கும் இடையிலானதுதான். அரசியல் இரண்டு முகாமுக்கும் பொது. நஷ்டம் வந்தால் தன் வீடே போகும் என்று அஞ்சும் ஒருவர் ஒரு முகாமில் இருந்தார். மற்றதில் இருந்தது சம்பளமும் ஒப்பந்தமும்தான்.

இன்னொரு மறுப்பு கனமானது. டபிள்யூ.சி.டபிள்யூ.வைக் கொன்றது மல்யுத்த வீரர்கள் அல்ல, கார்ப்பரேட் இணைப்பு என்பது அது. 2001-ல் ஏ.ஓ.எல். நிறுவனமும், டர்னர் அலைவரிசைகளின் உரிமையாளராக இருந்த டைம் வார்னரும் இணைந்த பின், அந்த அலைவரிசைகளுக்குத் தலைமையேற்ற ஜேமி கெல்னர் மல்யுத்தத்தையே வேண்டாம் என்றார். ஒளிபரப்பு இல்லாத நிறுவனத்தை வாங்க மெக்மஹனைத் தவிர வேறு யாரும் முன்வரவில்லை. கத்தி கெல்னர் கையில்தான் இருந்தது. ஆனால் ஒரு காலத்தில் 5-ஐத் தொட்ட ரேட்டிங் 2000-ல் 3-க்கும் கீழே கிடந்தது. அந்த ஓராண்டு நஷ்டம் மட்டும் 6 கோடி டாலர் அளவில் சொல்லப்படுகிறது. லாபம் கொழிக்கும் நிகழ்ச்சியை வெட்டுவதென்றால் எந்த அதிகாரியும் இயக்குநர் குழுவுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். கெல்னருக்கு அந்தச் சிரமமே இருக்கவில்லை.

2001 மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் கடைசி நைட்ரோ நடந்தது. நிறுவனத்தை மெக்மஹன் வாங்கிவிட்டிருந்தார். அந்த நிஜ விற்பனைகூட, அவருக்கும் மகனுக்கும் இடையிலான குடும்பச் சண்டைக் காட்சியாக இரண்டு அலைவரிசைகளிலும் ஓடியது. அன்றைய கடைசிப் போட்டியில் மோதியவர்கள் ரிக் ஃபிளேரும் ஸ்டிங்கும். பழைய நண்பர்கள் பிரியாவிடையாக ஆடிய ஆட்டம் என்பதால் அது நெகிழ்ச்சியான காட்சிதான். 1995-ல் முதல் நைட்ரோவிலும் இந்த இருவரும் மோதியிருந்தார்கள்.