ஜனவரி பதினாறுக்காரர்கள்

1960களின் தொடக்கத்தில் அச்சான இலத்தீன் பூசைப் புத்தகத்தில் ஜனவரி 16ஆம் திகதியைத் தேடிப் பாருங்கள். யோசப் வாஸ் அடிகளாரின் பெயர் அங்கே இராது. கண்டியில் ஏறத்தாழ பத்தொன்பது வருடம் உழைத்து, 1711இல் அதே திகதியில் கண்டியிலேயே கண்மூடியவர் அவர். ஆனாலும் கண்டி அந்தோனியார் பேராலயத்தில் அந்தக் காலத்தில் அன்று நினைவுகூரப்பட்டவர் உரோமாபுரிப் பாப்பரசர் முதலாம் மர்செல்லுஸ். வேதசாட்சிக்குரிய நாள் என்பதால் சுவாமியின் பூசை உடுப்பு சிவப்பு. இன்று அதே திகதியில் அதே பீடத்தில் வெள்ளை உடுப்பு. நினைவுகூரப்படுபவர் வாஸ் அடிகளார்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு முடிவுகள் காரணம். இரண்டும் வேறு வேறு காலத்தில் எடுக்கப்பட்டவை.

முதலாவது 1969இல். ஆறாம் பவுல் பாப்பரசர் அந்த வருடம் பெப்ரவரியில் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தி ஆணை பிறப்பித்தார். 1970 ஜனவரி 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. தனித்தனியாக நாள் வைத்திருந்த பலர் அப்போது ஒரே நாளுக்குள் வந்தார்கள். மார்ச்சில் கபிரியேலும் ஒக்டோபரில் ரபாயேலும் கொண்டாடப்பட்டது போய், மிக்கேலோடு மூவருக்கும் சேர்த்து செப்டெம்பர் 29 ஆனது. ஆகஸ்ட் 16இல் இருந்த சுவக்கின், மனைவி அன்னம்மாளின் ஜூலை 26க்கு வந்து சேர்ந்தார். 2021இல் பிரான்சிஸ் பாப்பரசர் மார்த்தாவோடு மரியாவையும் லாசரையும் சேர்த்து ஜூலை 29ஐ மூவருக்கும் பொதுவாக்கினார். 1969 திருத்தத்தில் புதியவர்களுக்கு இடம் விடப் பழையவர்கள் சிலர் பொது நாட்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டார்கள். மர்செல்லுஸ் அவர்களில் ஒருவர். புனிதர் பட்டம் பறிபோகவில்லை. உரோமை மறைசாட்சியர் நூலில் அவர் பெயர் இன்றைக்கும் அந்தத் திகதியில்தான் இருக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவான பூசை மட்டும் நின்றுபோனது.

சனங்கள் இந்தத் திருத்தங்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. கற்பிட்டிப் பக்கம் தலவிலவில் அன்னம்மாளுக்கு இப்போதும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும்தான் திருவிழா. கண்டி, மாத்தளை, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து, பாயும் சட்டிபானையும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்த மாதங்களில்தான் போகிறார்கள். பாவம் சுவக்கின். நாட்காட்டியில் மனைவியின் நாளில் பாதி கிடைத்தது. தலவில மணலில் அவரைத் தேடிப் போகிறவர் யார்?

இரண்டாவது முடிவு நம் கண்முன்னே நடந்தது. 1995 ஜனவரி 21இல் காலிமுகத்திடலில் இரண்டாம் யோவான் பவுல் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் அதே திடலில் பிரான்சிஸ் பாப்பரசர் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமை அவருக்கு வேண்டாம் என்று விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கால்நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்த ஜனவரி 16க்கு இப்படித்தான் எங்கள் நாட்டில் ஆள் வந்தார்.

வந்தவருக்கும் இருந்தவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதை யாரும் திட்டமிடவில்லை. தியோக்கிளேசியன் மன்னனின் வேதகலாபனையில் உயிருக்குப் பயந்து விசுவாசத்தை மறுதலித்தவர்கள் ஏராளம். கலாபனை ஓய்ந்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். செய்த பிழைக்குத் தவம் செய்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றார் மர்செல்லுஸ். அதனால் நகரமே இரண்டுபட, மக்சென்சியுஸ் மன்னன் அவரை நாடு கடத்தினான், 309இல் இறந்தார். பாப்பரசரைத் தொழுவத்தில் மாடு குதிரை பார்க்க விட்டார்கள் என்றொரு கதையும் உண்டு. அது கதைதான்.

யோசப் வாஸ் வந்திறங்கியதும் அப்படிப்பட்ட ஒரு சனத்திடம்தான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்கக் குருமாருக்கு இந்தத் தீவில் இடமில்லாமல் போனது. உத்தியோகம் வேண்டும், காணி பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்றால் ஞானஸ்நானமும் கலியாணப் பதிவும் ஒல்லாந்தர் கோவிலில்தான். ஞாயிறு அங்கே முகத்தைக் காட்டிவிட்டு, இரவில் வீட்டுக்குள் செபமாலை சொன்னவர்கள் ஒரு தலைமுறையாக இருந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த வாஸ், சில்லாலையில் தங்கி, பின்னர் புத்தளம் போய், 1692இல் கண்டி எல்லைக்கு வந்தார். மறுதலித்தீர்களா என்று விசாரணை வைத்தவர் அல்லர். இரவில் வீடு வீடாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, விடிவதற்குள் பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தவர். தமிழ் பேசக் கற்றார், பிறகு சிங்களமும்.

கண்டியிலும் அவரை மாலைபோட்டு வரவேற்கவில்லை. லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர், கல்வின் சபையைச் சேர்ந்தவர், வாஸ் போர்த்துக்கேயரின் ஒற்றன் என்று மன்னனிடம் சொல்லிவிட்டார். இரண்டு வருடமளவில் காவல். காவலில் இருந்தபடியே வாஸ் சிறு கோவிலும் கட்டினார். இரண்டாம் விமலதர்மசூரியன் பார்த்தும் பாராதவன்போல இருந்தான். 1696இல் கடும் வரட்சி. பிக்குகளின் பூசைக்குப் பிறகு வாஸை மழைக்கு மன்றாடச் சொன்னான் என்றும், நடுவெளியில் வைத்த பீடத்தைத் தவிர ஊரே நனைந்தது என்றும் மரபு சொல்கிறது. அதற்குப் பிறகு தடை இல்லை.

இங்கே நான் இருக்கும் மடவளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடவளை பஸார் முஸ்லிம் ஊர். கடைக் கலண்டரில் ஹிஜ்ரித் திகதி, தொழுகை நேரம், போயாவுக்கு முழு நிலா, சிவப்பில் அரச விடுமுறை. ஜனவரி 16இல் ஒன்றும் இராது. பொங்கலோடு அந்த மாதத்தின் விசேஷம் முடிந்துவிடும். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து துரத்திய முஸ்லிம்களுக்குக் கண்டியரசன் செனரத் 1626 அளவில் இடம் கொடுத்தான். பொதிமாட்டில் சரக்கேற்றி உள்நாட்டுக்கும் கரைக்கும் நடந்தவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். எழுபது வருடத்துக்குள் போர்த்துக்கேயரின் வேதத்தைச் சேர்ந்த குருவுக்கும் அதே கண்டிதான் நிழல் கொடுத்தது. ஒருவரைத் துரத்தியவர்களின் சமயம் இன்னொருவருடையது. இருவரும் ஒதுங்கியது ஒரே மலைக்குள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இவை இரண்டும் வேறு வேறு பாடங்களில் வருவதால் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஜனவரி 16இல் இன்னொரு கூட்டமும் நிற்கிறது. பிரான்சிஸ்கன் சபையின் முதல் வேதசாட்சிகளான பெரார்தும் நான்கு தோழர்களும். 1220 ஜனவரி 16 அன்று மொரோக்கோவின் மராக்கேஷில் கொல்லப்பட்டார்கள். சந்தையில் நின்று இஸ்லாத்தை இழித்துப் பேசினார்கள், ஊரைவிட்டு அனுப்பியும் திரும்பி வந்தார்கள், கடைசியில் தலை போனது. நான்காம் சிக்ஸ்துஸ் 1481இல் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர்களின் உடல்கள் போர்த்துக்கலின் கோயிம்பிராவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அங்கிருந்த மடத்தில் பெர்னாந்து என்ற இளம் துறவி ஒருவர் இருந்தார். அதைப் பார்த்த கையோடு அந்த மடத்தை விட்டு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். பெயரை அந்தோனி என்று மாற்றிக்கொண்டார். அவரும் மொரோக்கோவுக்குக் கப்பலேறினார். நோயும் காற்றும் வேறு திசைக்குக் கொண்டுபோயின. பாதுவாவில் 1231 ஜூன் 13இல் இறந்தார். கண்டிப் பேராலயமும் கட்டுகஸ்தோட்டைக் கல்லூரியும் மாத்தளை மாவட்டத்து வஹகோட்டைத் திருத்தலமும் அவர் பெயரில்தான். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பவர்களில் சைவர், பௌத்தர் எல்லாரும் உண்டு. அந்த அந்தோனியாரை உண்டாக்கியது ஒரு ஜனவரி 16.

ஒரே நாளில் நிற்பவர்கள் ஒரே வழியில் போனவர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது. இறந்த திகதிதான் அவர்களைச் சேர்த்து வைக்கிறது. பெரார்து சந்தையில் வாதாடினார். அவர் கொல்லப்படுவதற்கு முந்திய வருடம் அசிசி பிரான்சிஸ் எகிப்தில், சிலுவைப் போரின் நடுவில், சுல்தான் அல்-காமிலின் கூடாரத்துக்குப் போய்ப் பேசிவிட்டு உயிரோடு திரும்பினார். ஒரே சபை, ஒரே காலம், இரண்டு போக்கு. வாஸ் இரண்டாவது போக்கின் ஆள் என்பது என் எண்ணம். மடவளையில் இருந்துகொண்டு பெரார்தின் பிரசங்கத்தை மெச்ச எனக்கு மனம் வராது. அவர் செத்த துணிவு வேறு விஷயம்.

வாஸை அவர் காலத்துக் கண்டி மனதில் வைத்துக்கொண்டது பிரசங்கத்தால் அல்ல. 1697இல் நகரத்தில் வைசூரி. நோயாளிகளைக் காட்டோரம் விட்டுவிட்டுச் சனம் ஓடியது. வாஸும் மருமகன் கார்வாலியோ சுவாமியும் குடிசை போட்டுக் கஞ்சி ஊற்றினார்கள், புண் கழுவினார்கள், செத்தவர்களைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. கொரோனாக் காலத்தில் ஜனாசாவை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு பிடிவாதமாக நின்று, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்க விட்டபோது மடவளைக்காரர் அடைந்த ஆறுதலைப் பார்த்தவர்களுக்கு, ஒரு மனிதர் தன் கையால் குழி வெட்டினார் என்பதன் பொருள் புரியும்.

அவரையும் கண்டியில்தான் அடக்கம் செய்தார்கள். 1740களில் மன்னர்களின் மனம் மாறி, குருமார் வெளியேற்றப்பட்டு, கோவில் அழிந்தது. அடக்கம் செய்த இடம் எதுவென்று இன்று காட்ட முடியாது. அதனால் தொட்டுக் கும்பிடக் கல்லறை இல்லை, நேர்த்தி வைக்க இடமில்லை. ஜூன் 13க்கு மலையிலிருந்து இறங்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஜனவரி 16க்கு வந்தால் பெரிது. அன்று வேலை நாள். பொங்கல் முடிந்து வீட்டில் கைக்காசும் தீர்ந்திருக்கும். மாலைப் பூசைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் மறைக்கல்விப் பிள்ளைகளும். நாட்காட்டியில் இடம் பிடிக்க முந்நூறு வருடம் பொறுத்தவர், சனத்தின் மனதில் திருவிழாவாக இன்னும் கொஞ்சம் பொறுக்கத்தான் வேண்டும்.

அவருக்கு இன்னொரு திகதியும் உண்டு. 1651 ஏப்ரல் 21இல் பிறந்தார். இயேசு, மரியாள், ஸ்நாபக அருளப்பர் மூவரின் பிறப்பைத் தவிர வேறெவரின் பிறந்தநாளையும் திருச்சபை கொண்டாடுவதில்லை என்பதால், பொது நாட்காட்டியில் அந்தத் திகதி 1109இல் இறந்த கந்தர்பெரி ஆயர் அன்செல்முக்கு உரியது. 2019இல் உயிர்ப்பு ஞாயிறு அதே ஏப்ரல் 21இல் வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோவிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 167 கத்தோலிக்கரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாக 2025 ஏப்ரலில் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார். பீடத்தில் ஏற்றும் பட்டம் அல்ல அது. அதற்கு நெடுங்கால விசாரணை வேண்டும். அது முடிந்து ஒருநாள் பட்டம் வந்தால், இறந்த திகதி என்ற கணக்கில் அந்த 167 பேரும் அன்செல்மின் நாளுக்குத்தான் வருவார்கள்.