இணையவழிப் பாடமும் பெற்றோர் கடமையும்

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில், கோதண்டராமர் ஆலயத்தால் பெயர்பெற்று விளங்கும் அயோத்தியாப்பட்டணத்தை நமது நேயர்களில் பலர் அறிவார்கள். மரவள்ளி பயிரிடும் குடியானவர்களும், ஜவ்வரிசி ஆலைகளில் கூலி வேலை செய்வோரும், தறியை நம்பி வாழ்வோரும், வெள்ளிக் கொலுசுத் தொழிலில் ஈடுபட்டோரும் நிறைந்த பிரதேசம் அது. இப்பிரதேசத்திலும் இன்று கைபேசி புகாத தெரு இல்லை. பள்ளிக்கூடம் கற்பிக்கும் யாவற்றையும் கைபேசியே கற்பித்துவிடும் என்று முழங்கும் விளம்பரங்களும் அதனுடன் கூடவே வந்து சேருகின்றன. மற்றொரு புறம், சர்க்கார் இனாமாக அளிக்கும் இணையவழிப் பாடங்கள் இருக்கின்றன. இவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, கொள்வதையும் எந்த மட்டுக்குக் கொள்வது என்று நிச்சயிக்கும் பொறுப்பு இன்று ஒவ்வொரு பெற்றோர் தலையிலும் விழுந்திருக்கிறது. இது வீட்டு விஷயம், பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கு இதில் வேலையில்லை என்று எவரும் கருதலாகாது. ஏழையின் குழந்தைக்கு இத்தேசம் எத்தகைய கல்வியை அளிக்கப் போகிறது என்னும் பெரும் பிரச்னையே இதனுள் அடங்கியிருக்கிறது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

முதலாவதாக, சர்க்கார் அளித்துள்ள சாதனங்கள் யாவை என்று பார்ப்போம். 2017-ல் மத்திய சர்க்கார் 'தீக்ஷா' என்னும் இணையத் தளத்தை ஏற்படுத்திற்று. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் புதிய பாடப் புத்தகங்களில் கியூ.ஆர். குறிகள் அச்சிடப்பட்டன, கைபேசியை அக்குறியின்மீது காட்டினால் அந்தப் பாடத்திற்குரிய விளக்கப் படம் திரையில் தோன்றும். 2019 ஆகஸ்டு 26-ந் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2023-ல் மேல் வகுப்பு மாணவர்களுக்கென 'மணற்கேணி' என்னும் செயலி வெளியாயிற்று. இவை நமது பாடத்திட்டத்தை அனுசரித்தவை, தமிழில் கிடைப்பவை, பெற்றோரிடம் ஒரு காசும் கேளாதவை. இனாமாகக் கிடைப்பது மட்டமாகத்தான் இருக்கும், விலை கொடுத்து வாங்குவதே உயர்ந்தது என்று நினைப்பது நம்மிடையே இன்னும் மிஞ்சி நிற்கும் அடிமைப் புத்தியின் அடையாளம். உண்மையில் இவை இனாமுமல்ல. தீப்பெட்டி வாங்கும் ஏழையும் செலுத்துகின்ற வரியால் உண்டானவை இவை. தனக்குச் சொந்தமான பொருளைத் தெருவில் எறிந்துவிட்டு, பிறன் கடையில் கடனுக்கு வாங்குவது விவேகமாகுமா?

ஆனால், சாதனம் ஒன்று, கல்வி வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதால் விளைந்த தீங்கை நாம் கண்கூடாகக் கண்டோம். கொரோனா நோயை முன்னிட்டு 2020 மார்ச்சில் தமிழ்நாட்டுப் பாடசாலைகள் மூடப்பட்டன. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு அவை மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். ஏறக்குறைய இருபது மாத காலம் கைபேசியும் தொலைக்காட்சியுமே பள்ளிக்கூடமாயிருந்தன. அதன் பயன் யாது? அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் மூவர், தமிழ்நாட்டுக் கிராமங்களைச் சேர்ந்த சுமார் 19,000 குழந்தைகளைப் பரிசோதித்தனர். அதே கிராமங்களில் 2019-ல் அதே வயதுக் குழந்தைகள் அறிந்திருந்ததைக் காட்டிலும், 2021 டிசம்பரில் இக்குழந்தைகள் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். மொழியில் ஏற்பட்ட நஷ்டத்தைப் போல் கணக்கில் ஏற்பட்ட நஷ்டம் ஏறக்குறைய இருமடங்கு. வசதியுள்ள வீட்டுக் குழந்தையைவிட வசதியற்ற வீட்டுக் குழந்தையே அதிகம் இழந்தது.

அந்த ஆராய்ச்சியின் மற்றொரு முடிவு அதனினும் முக்கியமானது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைக் குழந்தைகள் மீட்டுக்கொண்டனர். அம்மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் சர்க்கார் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தால் விளைந்தது. அத்திட்டத்தில் விசேஷமான யந்திரம் எதுவுமில்லை. மாலை வேளையில் அண்டை வீட்டுத் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்மணி, தெருவிலுள்ள குழந்தைகளைக் கூட்டி வைத்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கற்பித்தார். குழந்தையின் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்தார்; அவ்வளவே. இருபது மாதம் திரையால் ஆகாதது, பக்கத்தில் ஒருவர் அமர்ந்ததும் ஆகத் தொடங்கிற்று.

பாடசாலையின் வேலையை வீட்டிடம் ஒப்புவிப்பது சேலம் ஜில்லாவுக்குச் சம்பந்தமில்லாத பழைய கதையன்று. 1917-ல் சேலம் நகரசபைத் தலைவராக அமர்ந்த ராஜாஜி அவர்கள், பிற்காலத்தில் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தபொழுது, 1953-ல் ஆரம்பக் கல்வித் திட்டமொன்றைக் கொண்டுவந்தார். குழந்தைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். அவருடைய நோக்கம் எதுவாயிருப்பினும், 'குலக் கல்வித் திட்டம்' என்று ஜனங்கள் அதனை வெகுண்டு எதிர்த்தனர். 1954-ல் ஸ்ரீ காமராஜர் பதவியேற்றதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அக்கிளர்ச்சி நமக்குப் புகட்டிய பாடம் ஒன்று உண்டு. வக்கீலின் வீடும் தறிகாரரின் வீடும் சமமாக இல்லாத தேசத்தில், கல்வியை வீட்டிடம் விட்டால் வீட்டின் ஏற்றத்தாழ்வு அப்படியே குழந்தையின் தலையெழுத்தாகிவிடும். திரையில் வரும் பாடம் எல்லோருக்கும் ஒன்றாயிருக்கலாம்; அதனைப் பார்க்கும் வீடு ஒன்றாயிருப்பதில்லை. ஒரு வீட்டில் தனியறை. மற்றொரு வீட்டில் தறிச் சத்தம். ஒரு வீட்டில் ஆளுக்கொரு கைபேசி. மற்றொரு வீட்டில் தகப்பனார் வேலைக்குக் கொண்டுபோகும் கைபேசி ஒன்றே. அது இரவில் வீடு திரும்பினாலும் முதலில் மகன் கைக்குப் போகுமேயன்றி மகள் கைக்குப் போவது அரிது.

தொலைதூரக் கல்வி எங்குமே பயன்படவில்லையா என்று சிலர் கேட்கலாம். பயன்பட்டது உண்டு. ஆஸ்திரேலியாவில் பள்ளிக்கூடமே அணுக முடியாத மாட்டுப் பண்ணைகளில் வாழ்ந்த குழந்தைகளுக்காக, 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ரேடியோ மூலம் பாடம் நடத்தத் தொடங்கினர். அங்கே குழந்தையை ரேடியோ முன் தனியே விட்டுவிடவில்லை. தாயாரோ, அதற்கென அமர்த்தப்பெற்ற ஒருவரோ பக்கத்தில் இருந்து பாடத்தை நடத்திவைப்பது அந்த ஏற்பாட்டின் அங்கமாயிற்று. நமது தேசத்திலும், பள்ளிக்குச் செல்ல இயலாதோர்க்காக 1989-ல் ஏற்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, நேரில் கூடிப் பயிலும் தொடர்பு வகுப்புகளைத் தன் முறையில் சேர்த்தே வைத்திருக்கிறது. தூரத்திலிருந்து கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் ஆள் துணையை விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆதலின் பெற்றோர் எதனைத் தேர்ந்தாலும், கீழ்க்கண்டவற்றை விசாரித்துத் தேர்வார்களாக. பாடம் குழந்தையின் பாடப் புத்தகத்தைத் தழுவியதா, அதன் தாய்மொழியில் உள்ளதா? குழந்தை எழுதியதைத் திருத்துபவர் யார்? சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஆள் உண்டா? திரை முன் எவ்வளவு நேரம்? எட்டாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிஷம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் ஒரு நாளில் கூடாதென்று மத்திய சர்க்கார் 2020-ல் வழிகாட்டியது நினைவிருக்கட்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இப்பாடம் குழந்தையைப் பள்ளிக்கூடத்தை நோக்கி இழுக்கிறதா, பள்ளிக்கூடத்திலிருந்து விலக்குகிறதா? நேற்று வகுப்பில் விளங்காத பின்னக் கணக்கை இன்று மாலை தாயாரும் மகளும் சேர்ந்து திரையில் பார்த்து, நாளை உபாத்தியாயரிடம் நோட்டைக் காட்டுவார்களாயின் அது நல்ல உபயோகம். பிள்ளை அழாமலிருக்கக் கைபேசியைக் கொடுத்து, அதற்குக் கல்வி என்று பெயரிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

விலை கொடுத்து வாங்குவோர் இன்னும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 2021 டிசம்பரில் மத்திய கல்வி இலாகாவே பெற்றோர்க்கு எச்சரிக்கை விடுத்தது. இலவசம் என்ற சொல்லைக் கண்டு மயங்க வேண்டாம், பாங்குக் கணக்கிலிருந்து பணம் தானாகவே கழிந்துபோகும் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வேண்டாம், நிபந்தனைகளைப் படியாமல் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பன அதில் கண்டவை. நாடெங்கும் விளம்பரத்தால் பிரசித்தி பெற்றிருந்த 'பைஜூஸ்' நிறுவனமே 2024-ல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் கூலிக்காரர் இதனை மறக்கலாகாது. கடை மூடிவிடும், கடன் மூடாது.

இனி, பொதுஜன ஊழியர்களுக்குச் சில வார்த்தைகள். 2009-ம் வருஷத்திய கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தியிருக்கிறது. அவற்றின் அங்கத்தினரில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும். தேர்தல் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டத் தெரிந்த நமது ஊழியர்களில் எத்தனை பேர் இக்குழுக்களின் கூட்டங்களை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? பள்ளியிலுள்ள கணினி அறை திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா. கைபேசி இல்லாத வீட்டுப் பெண் குழந்தைக்கு மாலையில் அங்கே ஒரு மணி நேரம் கிடைக்குமா. காலியான உபாத்தியாயர் ஸ்தானங்கள் நிரப்பப்படுகின்றனவா என்று கேட்பதற்கு அதைவிடத் தகுந்த இடம் வேறில்லை. திரைப் பாடம் இருக்கிறதே என்று காரணங்காட்டி ஓர் உபாத்தியாயரை எந்தச் சர்க்கார் குறைக்க முற்பட்டாலும் அதனை முழு மூச்சுடன் எதிர்க்க வேண்டும்.

ஆங்கில ஆட்சியில் பள்ளிக்கூடமின்றித் தவித்த கிராமங்களுக்குப் பள்ளிக்கூடம் கேட்டுப் போராடிய ஜனங்கள் நாம். கட்டிய பள்ளியையும், அமர்த்திய உபாத்தியாயரையும் ஒரு கண்ணாடித் திரைக்கு மாற்றாகக் கொடுத்துவிட நாம் சம்மதிக்க முடியாது. திரை உபாத்தியாயருக்கு உதவியாளாயிருக்கட்டும். அவருடைய நாற்காலியில் அதனை உட்கார வைக்க வேண்டாம். அயோத்தியாப்பட்டணத்துப் பெற்றோர்களும், அவர்களைப் போன்ற ஏனைய ஊர்ப் பெற்றோர்களும் சர்க்கார் தரும் இணையப் பாடங்களைத் தமது உரிமையென்று கைக்கொண்டு, அதே மூச்சில் பள்ளியில் ஆள் எங்கே என்றும் கேட்பார்களாக. இரண்டும் சேர்ந்து கேட்கப்படும்பொழுதுதான் நமது குழந்தைகளுக்குக் கல்வி கிட்டும்.