முருகைக்கல்லும் அதன் சிற்றுயிர்க் குடிகளும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டியிலிருந்து மாணவர் சிலரைத் திருகோணமலைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் தோணியினின்றும் இறங்கியபோது, காலடியிற் கலகலவென ஒலித்தவை முறிந்து கிடந்த முருகைக்கற் கிளைகள். அவற்றுள் வெண்மையான ஒன்றைக் கையிலெடுத்த மாணவன், "ஐயா, இது கல்லா, உயிரா?" என்று வினவினான். "எடுத்த இடத்திலேயே வைத்துவிடு, தம்பி, பிறகு சொல்கின்றேன்" என்றேன். உண்மை யாதெனில், எனக்கு அப்பொழுது விடை தெரியாது. ஊர் திரும்பியபின் விலங்கியல் கற்பிக்கும் நண்பரை உசாவியும் நூல்களைப் பயின்றும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்தார். புல்லும் மரமும் ஓரறிவுயிர். நத்தை போல்வன ஈரறிவுயிர். முருகையை எவ்வகுப்பில் அடக்குவது? அது சொறிமுட்டைக்கு உறவான ஒரு சிறு விலங்கு. வாயைச் சூழ்ந்த மெல்லிய கைகளால் இரை பற்றும். தன் அடியிற் சுண்ணாம்பைச் சுரந்து வீடு கட்டும். ஆனால் அவ்விலங்கின் தசைக்குள்ளே தாவர இயல்புடைய உயிர்கள் குடியிருக்கின்றன என்பதே வியப்பு.

சூசாந்தெல்லா எனப்படும் இவை ஒற்றைக்கல அல்காக்கள். நூறு உயிர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீற்றர் நீளமே வரும். ஒரு சதுர சென்ரிமீற்றர் முருகையில் ஏறத்தாழப் பத்து இலட்சம் வாழ்கின்றன. ஞாயிற்றொளியால் இவை சமைக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குச் செல்லும். முருகையோ உறையுளையும் தன் கழிவையும் இவற்றுக்கு உணவாக அளிக்கும். முருகையின் நிறத்திற் பெரும்பங்கு இக்குடிகளுடையதே.

இவையன்றிப் பற்றீரியாக்களும் உள. கரீபியன் பகுதியில் மூவகை முருகைகளை ஆராய்ந்த போறஸ்ற் றோவர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர்தம் குழுவினரும், அவற்றில் 400க்கு மேற்பட்ட பற்றீரியா வகைகளைக் கண்டதாக 2002இல் வெளியிட்டனர். தொலைவிடங்களில் வளர்ந்தாலும் ஒரே இன முருகையில் ஒத்த பற்றீரியாக்களும், அருகருகே வளர்ந்தாலும் வேறினத்தில் வேறு பற்றீரியாக்களும் இருந்தன. சில நைதரசனை உணவாக்கித் தரும். முருகையின் மேற்படர்ந்த சளியில் வாழ்வன சில, நோய்க்கிருமிகளைத் தடுத்து நிற்கும்.

இக்கூட்டுவாழ்வு எத்துணை மென்மையானது என்பதை 1998ஆம் ஆண்டு காட்டிற்று. கோடையில் வழக்கமான உச்சத்திலும் ஒரு பாகை மிகுந்த வெப்பம் சில வாரம் நீடித்தாலே முருகை தன் அல்காக்களை வெளியேற்றிவிடும், நிறமிழந்து வெளிறும், அவை மீளாவிடின் பட்டினியால் மாளும். அவ்வாண்டு கற்பிட்டிப் பாரிலும் இக்கடுவையிலும் முருகைகள் பேரளவில் மடிந்தன. திருகோணமலைப் பார்கள் அம்முறை தப்பின. கற்பிட்டிப் பார் மெல்ல மீண்டுவருகையில், 2016இல் மறுபடியும் வெப்பம் தாக்கிற்று. அன்று மாணவன் அழகென்று எடுத்த வெண்மை, குடிகள் நீங்கிய வீட்டின் என்பு.

மலைநாட்டில் வாழும் நமக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். நம் நகரின் அழுக்கைச் சுமந்தோடும் மெத எல மகாவலியிற் கலக்கின்றது. மகாவலியோ 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. கழிவும் உரமும் மிகுந்த கடலிற் பாசி செழிக்கும். பாசி கசியவிடும் சர்க்கரையை உண்டு பற்றீரியாக்கள் பெருகும். அவை ஒட்சிசனை உறிஞ்ச, முருகை மூச்சடைத்து மாளும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்பது இங்கும் உண்மை. வெப்பத்தைத் தணிப்பது உலகத்தார் அனைவரும் கூடிச் செய்யவேண்டிய வேலை. வாய்க்காலிற் குப்பை கொட்டாதிருத்தல் நம் வீட்டு வேலை.

அம்மாணவனுக்குச் சொல்லவேண்டிய விடை இதுதான்: தம்பி, அது கல்லுமன்று, தனியோர் உயிருமன்று, பல உயிர் கூடிய ஓர் ஊர். கண்ணுக்குத் தெரியாத குடிகள் வெளியேறினால், அவ்வூர் வெறுங்கல்லாகிவிடும்.