ஏணியில் இரண்டு படி குறைகிறது!

“இது வேற தமிழ், அப்பா!”

பஞ்சாலைத் தோழர் ஒருவரின் மகள் சொன்ன சொல் இது. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் 100க்கு 96 வாங்கிய பெண். தெருவே பாராட்டிற்று. தமிழ் இலக்கியமே படிப்பேன் என்று கல்லூரியில் சேர்ந்தாள். இரண்டு திங்கள் கழியவில்லை. நன்னூலையும் சங்கப் பாட்டையும் கண்டு மிரண்டு, வேறு பாடத்துக்கு மாறிவிடலாமா என்கிறாள். தோழர் நம்மிடம் வந்து கேட்டார்: “தமிழ்ப் புள்ளைக்கே தமிழ் புரியலேன்னா, தப்பு யார் மேலே தோழரே?”

நாம் விடை சொல்லத் திணறினோம். சுவரெல்லாம் ‘தமிழ் வாழ்க’ என்று எழுதினோம், மேடையெல்லாம் முழங்கினோம். முழங்கியது தவறன்று. ஆனால், அந்தப் பெண்ணின் கேள்விக்கு முழக்கம் விடையாகாதே!

தவறு அவள் மீது இல்லை. பள்ளி அவளிடம் கேட்டது நினைவாற்றல். கல்லூரி கேட்பது ஆராயும் ஆற்றல். பள்ளியில் செய்யுளுக்குப் பொருள் அச்சாகியே வருகிறது, ஒப்பித்தால் மதிப்பெண். கல்லூரியிலோ, சீர் பிரித்துப் படி என்கிறார்கள். இளம்பூரணர் உரை இது, நச்சினார்க்கினியர் உரை அது, உன் முடிவு என்ன என்கிறார்கள். முடிவு சொல்லும் துணிவை அவளுக்கு யார் கற்பித்தார்கள்?

பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள்தாம் எண்ணப்படும். தமிழில் தேறினால் போதும்! மொழிப்பாடத்துக்கு இருந்த இரண்டு தாள்களும் 2018-19 கல்வியாண்டு முதல் மேல்நிலை வகுப்புகளில் ஒரே தாளாயின. பிள்ளைகளின் சுமை குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால், தமிழையே மேற்கொண்டு படிக்க விரும்பும் பிள்ளைக்கு? அவள் ஏறவேண்டிய ஏணியில் இரண்டு படிகள் இல்லையே!

இலக்கணம் புலவர் வீட்டுப் பெட்டியில் பூட்டிவைத்த பொருளா? அல்லவே! தோழரே, உம் தூக்குச்சட்டியைத் திறந்து பாரும். ஊறுகாய் இருக்கிறதா? ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் — முக்காலமும் ஒரு சொல்லில் அடங்கிற்று. அதுதான் வினைத்தொகை! “ஆலை வேலைநிறுத்தம் செய்தது” என்கிறோம். செங்கல்லும் சுண்ணாம்புமா நிறுத்தின? ஆலையில் உழைக்கும் தோழர்கள் நிறுத்தினார்கள். இடத்தின் பெயர் ஆளுக்கு ஆயிற்று. அதுதான் இடவாகுபெயர்! நாள்தோறும் நாம் பேசுவதைத்தான் நன்னூலார் வகுத்து வைத்தார். இதைச் சொல்லித்தர ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பெண் மிரண்டிருப்பாளா?

சொல்லும் அப்படியே. தொல்காப்பியத்தில் ‘கிழவன்’ என்று வந்தால் நரைத்த தாத்தா அல்லர். உரிமையுடைய தலைவன், இளங்காளை! பழந்தமிழில் ‘நாற்றம்’ நறுமணம். இன்று மூக்கைப் பொத்துகிறோம். அகராதியைப் புரட்டும் பழக்கம் இருந்தால் இந்தப் பூட்டுகள் திறக்கும்.

தெரியாமை இழுக்கன்று. 1880ஆம் ஆண்டு, குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர், முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை எனத் தாம் கற்றவற்றை அடுக்கினார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார் முதலியார். இல்லை! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கே அந்த இடைவெளி இருந்தது. அவர் ஓடிவிடவில்லை. ஏடு தேடினார், சமண அன்பர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார், 1887இல் சிந்தாமணியை அச்சேற்றினார்.

இனி நாம் செய்யவேண்டியது என்ன? மேல்நிலை வகுப்பில் ‘சிறப்புத் தமிழ்’ என்றொரு விருப்பப் பாடம் உண்டு. நம் ஊர்ப் பள்ளியில் அது இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக அமர்ந்திருக்கும் தோழர்கள் கேட்கட்டும்!

அடுத்தது, நம் படிப்பகம். தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை பிள்ளைகளுக்கு ஓய்வு. அந்த நாட்களில் ஒரு நூலை, பகுதியாக அல்ல, முழுதாகப் படிக்கச் செய்வோம். வாரம் ஒரு சங்கப் பாட்டைச் சீர் பிரித்து, உரை பாராமல் பொருள் காணட்டும். பிறகு உரையோடு ஒப்பிடட்டும். தம் கருத்தை ஒரு பக்கம் தாமே எழுதட்டும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களோடு, இன்று கைப்பேசியில் காசில்லாமல் கிடைக்கிறது. பாட்டுக் கேட்கும் கருவியில் பாட்டுக்குப் பொருளும் தேடலாமே!

பஞ்சாலைத் தோழருக்குச் சொல்லியனுப்பினோம்: மகள் பாடத்தை மாற்ற வேண்டாம். ஞாயிறுதோறும் படிப்பகத்துக்கு வரட்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து சொல்லித்தர இசைந்திருக்கிறார். அடுத்த ஆண்டு, பின்னால் வரும் பிள்ளைகளுக்கு அவளே சொல்லித்தரட்டும்.

தோழர்களே! தமிழ் வாழ்க என்று சுவரில் எழுதிய கை, இனி அந்த ஏணிக்குப் படி செதுக்கட்டும்!